பின்னால் ஸ்பிரிங் இல்லாத வண்டி

தாராவியிலிருந்து செம்பூருக்குப் போகிற வழியில் மலை என்று ஒன்று கிடையாது. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சயான் இருக்கிறது, சுனாபட்டி இருக்கிறது, மேம்பாலம் இருக்கிறது, மேம்பாலத்துக்குக் கீழே தண்ணீர் தேங்குகிற இடம் இருக்கிறது. மலை இல்லை. ஆனாலும் இந்த மழைக்காலத்தில் என் வீட்டுக்குள் இரண்டு மலைச் சைக்கிள்கள் வந்து நின்றன. பத்துக்குப் பன்னிரண்டு அறை அது. கிரைண்டர், இட்லிக் கொப்பரை, அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், பாயில் என் வீட்டுக்காரர், இவற்றோடு அந்த இரண்டும். பெடலில் இடித்து இடித்து என் முழங்கால் கன்னிப்போனது. இதை யாரிடம் சொன்னாலும் "ரெண்டுல எது நல்ல வண்டி?" என்றுதான் கேட்டார்கள். என் காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

என் பெயர் மாரீஸ்வரி. வீட்டுக்காரர் பேச்சிராஜா. இட்லிக்காரர் பேச்சிராஜா என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆட்டுவதும் அவிப்பதும் நான், இருந்தாலும் இட்லிக்காரர் அவர்தான். விடிவதற்கு முன்பே அவித்து, பெரிய அலுமினிய டப்பாவில் அடுக்கி, அந்த டப்பாவைத் தூக்கி சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டுவேன். சட்னி வாளியும் சாம்பார் வாளியும் ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் தொங்கும். அவர் ஏறி மிதித்துக்கொண்டு செம்பூருக்குப் போய், நாலைந்து சொசைட்டிகளின், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்புகளின், வாசலில் ரப்பர் ஹார்னை அமுக்குவார். சத்தம் கேட்டதும் மாடியிலிருந்து பாத்திரத்தோடு இறங்கி வருவார்கள். அதுதான் எங்கள் லைன்.

லைனுக்குப் பத்திரம் ஏதும் கிடையாது. ஹார்ன்தான் எல்லாம். ஒவ்வொருவர் ஹார்னுக்கும் ஒரு சத்தம், அந்தத் தெருக்காரர்களுக்கு அது பழக்கம். எங்கள் ஆட்களில் யாராவது ஊருக்குப் போகும்போது ஹார்னைக் கழற்றி இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போனால், லைனையே கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். திரும்பி வந்து அவராகக் கேட்டு வாங்கினால்தான் அது மறுபடி அவருடையது. கேட்காமல் விட்டால் போனது போனதுதான், இட்லிக்காரர் சங்கத்தில் போய் நின்றாலும் யாரும் பேச மாட்டார்கள். எங்கள் ஹார்ன் பழசு. ரப்பரில் கீறல் விழுந்து, சளி பிடித்த தொண்டை மாதிரிக் கரகரவென்று கத்தும். எனக்கு அது ஆயிரம் ஹார்னுக்கு நடுவிலும் தெரியும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் சயான் தாண்டி இவர் விழுந்தார். ரோட்டில் ஒரு கட்டா. கட்டா என்றால் இந்த ஊரில் குழி. அதன்மேல் தண்ணீர் நின்றதால் அவருக்குத் தெரியவில்லை. போன மழைக்கும் அதே இடத்தில்தான் அது இருந்தது. நடுவில் ஒருமுறை மூடினார்கள், மேலே ரோலர் ஓட்டினார்கள், பக்கத்தில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்கள். முதல் மழைக்கே வாயைத் திறந்துவிட்டது. மூடியவனுக்குக் கையில் காசு வந்திருக்கும். எங்கள் சைக்கிளுக்கு முன்பக்கம் வளைந்தது, இவருக்கு முதுகில் டிஸ்க் நகர்ந்தது. குலுங்கக் கூடாது, எடை தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த விஷயம் செம்பூரில் வெங்கடேஸ்வரன் சாருக்குத் தெரிந்தது. எங்கள் வாடிக்கைக்காரர். பெரிய கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷன், அதில் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு, காருக்குப் பின்னால் சைக்கிளைக் கட்டி, தாணேப் பக்கம் காட்டுக்குள் போவார். எதற்குத் தெரியுமா? கல்லும் குழியுமாக இருக்கிற பாதையில் சைக்கிள் ஓட்டுவதற்கு! அதற்கென்று இரண்டு சைக்கிள் வைத்திருந்தார். ஒன்றில் முன்னால் மட்டும் ஸ்பிரிங், அதற்குப் பெயர் ஹார்ட்டெயில். இன்னொன்றில் முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங், அது ஃபுல் சஸ்பென்ஷன். நாங்கள் தினம் காலையில் சும்மா அனுபவிக்கிறதை இந்த மனுஷன் பெட்ரோல் போட்டுக்கொண்டு தேடிப் போகிறாரே என்று எனக்கு ஆற்றாமையாக வந்தது.

பால்கனியில் துணி காயப்போட இடமில்லை, ஒன்றையாவது வெளியே தள்ளுங்கள் என்று அவர் வீட்டு அம்மா சொல்லிவிட்டாராம். அதனால் சார் இவரைப் போனில் கூப்பிட்டார்.

"பேச்சி, ரெண்டுல ஒண்ணு நீங்க எடுத்துக்கோங்கோ. பணம்லாம் பேசப்படாது. ரெண்டையும் அனுப்பறேன், ஓட்டிப் பாருங்கோ. எது சரிப்படறதோ அதை வச்சுண்டு இன்னொண்ணைத் திருப்பி அனுப்பினாப் போறும். நன்னா யோசிச்சு எடுங்கோ, முதுகு விஷயம்."

நன்றாக யோசித்து எடுங்கள் என்று சொன்னதுதான் வினையாகிவிட்டது.

டெம்போவில் இரண்டும் வந்து இறங்கின. எங்கள் கல்லி ஒடுக்கமான சந்து, அதற்குள் நேராக வராது. ஹேண்டில்பார் அத்தனை அகலம், இரண்டு பக்கச் சுவரிலும் முட்டியது. தூக்கித் திருப்பிச் சாய்த்துத்தான் கொண்டுவந்தோம். கொண்டுவந்தோம் என்றால் நானும், அறுபதடி ரோட்டில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஹமீது அண்ணனும். இவர் பாயில் படுத்தபடி, "பாத்து, பாத்து, பெயிண்டு போயிரும்" என்றார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது ஆராய்ச்சி. இவர் மல்லாந்து படுத்துக்கொண்டு போனை முகத்துக்கு நேரே பிடித்து வீடியோ பார்ப்பார். இந்தியில் பார்ப்பார், தமிழில் பார்ப்பார், எந்த நாட்டுக்காரனோ பனிமலையில் சறுக்குவதையும் பார்ப்பார். காலையில் ஃபுல் சஸ்பென்ஷன்தான் என்பார். மாலையில் ஹார்ட்டெயில்தான் என்பார். ஹமீது அண்ணன் கடையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார். இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டால் ஏதோ இமயமலைக்குப் போகிறவர்கள் என்று நினைப்பீர்கள்.

"ஹார்ட்டெயில எடு மாப்ள" என்பார் ஹமீது அண்ணன். "இன்னொண்ணுல பின் ஷாக்கு, அதான் அந்த ஸ்பிரிங்கு, ஆயில் விட்டுச்சுன்னா எங்கடையில அதுக்குச் சாமானே கெடையாது. கேரியர் மாட்டவும் அதுல எடமில்ல."

"கேரியர் இல்லாட்டா வேற வழி பண்ணிக்கிடலாம். முதுகுக்கு வேற வழி உண்டா? ஏட்டி, இங்க பாரு, பின்னால ஸ்பிரிங் எப்படி அமுங்குது பாரு. கட்டால எறங்குனா குண்டிக்கே தெரியாதாம்."

"எந்த வண்டியா வேணா இருக்கட்டும்" என்பேன் நான். "சீக்கிரம் ஒண்ணச் சொல்லுங்க. லைன் காலியாக் கெடக்கு."

"இதுல அவசரப்படப்பிடாது."

அவசரப்பட மாட்டார். அவசரமெல்லாம் எனக்குத்தான். லைனை ஒரு நாள் விட்டாலும் அடுத்த ஆள் புகுந்துவிடுவான் என்பது எனக்குத் தெரியும். அதனால் விழுந்த மறுநாளிலிருந்தே நான் டப்பாவைத் தலையில் தூக்கிக்கொண்டேன். சயான் ஸ்டேஷன் வரைக்கும் நடை, குர்லாவில் இறங்கி வண்டி மாறி செம்பூர், அங்கிருந்து மறுபடி நடை. லேடீஸ் பெட்டியில் ஏறினால் "லக்கேஜ்ல போ" என்று தள்ளினார்கள். லக்கேஜ் பெட்டியில் ஏறினால் ஆண்கள் இடித்தார்கள். கையில் சாம்பார் வாளி, தலையில் டப்பா, படியில் இறங்கும்போது யாராவது தோளில் மோதினால் கண்ணில் நீர் வந்துவிடும். அழுகை இல்லை, கோபம்.

அத்தனை பாடுபட்டுப் போய் நின்றால், சொசைட்டியில் பாதிப் பேர்கூட இறங்கி வருவதில்லை. நான் ஹார்ன் இல்லாமல் வாயால்தான் கூப்பிட்டேன். ஹார்ன் எங்கே என்று இவரிடம் கேட்டபோது, "விழுந்ததுல தெறிச்சு எங்கனயோ போயிட்டு" என்றிருந்தார். வாயால் கூப்பிட்டது கேட்கவில்லையோ, நேரம் கழித்து வருகிறேனோ என்று என்னையே நொந்துகொண்டேன். பாதி இட்லி அப்படியே திரும்பி வந்தது. அதைக் கல்லியில் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், உதிர்த்து உப்புமா தாளித்தேன், இரண்டு நாள் தொடர்ந்து உப்புமா போட்டதும் இவர் முகத்தைச் சுளித்தார். படுத்திருந்தவருக்கு நாக்கு மட்டும் நன்றாக வேலை செய்தது.

சரி, ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு என்றார்கள் ஒரு வழியாக. முதலில் ஃபுல் சஸ்பென்ஷன். பின்சக்கரம் மேலும் கீழும் அசைகிற வண்டி என்பதால் அதில் சாதாரணக் கேரியர் நிற்காது. ஹமீது அண்ணன் சீட்டுக் கம்பியில் ஒரு கிளாம்ப் போட்டு, அதிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு கேரியர் செய்தார். எடைக்கு அரிசி மூட்டையைக் கட்டிப் பாருங்கள் என்றேன். கேட்கவில்லை. "இட்லி வேற, அரிசி வேற. நெசச் சரக்க வச்சிப் பாத்தாத்தான் தெரியும்" என்று இவர் சொல்ல, அண்ணனும் தலையாட்டினார். அன்றைக்கு அவித்த டப்பாவை ஏற்றினார்கள். இவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை போல ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே பின்பக்கம் பொத்தென்று அமுங்கியது.

"பாத்தியா, மெத்தை மாதிரி இருக்கு" என்றார்.

தொண்ணூறடி ரோடு முனை வரைக்கும்தான் அந்த மெத்தை. ஒவ்வொரு மிதிக்கும் வண்டி குதித்தது, டப்பா இடதும் வலதுமாக ஆடியது. முனையில் ஒரு ஆட்டோவுக்காக அவர் பிரேக் பிடித்தார். கிளாம்ப் திரும்பியது. டப்பா சரிந்து, மூடி திறந்து, நான் இருட்டோடு எழுந்து அவித்த இட்லி அத்தனையும் சாக்கடை ஓரத்தில் உருண்டது. மழைத் தண்ணீரில் இட்லி மிதந்து போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். ஒரு நாய் வந்து முகர்ந்துவிட்டு, சூடு தாங்காமல் பின்வாங்கியது.

ஹமீது அண்ணன் முதலில் ஓடிப்போய் வண்டியைத் தூக்கினார். "ஷாக்குக்கு ஒண்ணும் ஆவல மாப்ள" என்றார்.

"ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்றேன் நான். அதற்கு மேல் நடுரோட்டில் பேசப் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஹார்ட்டெயில். அதில் கேரியர் மாட்டுவதற்கென்றே பின்னால் ஓட்டை இருந்தது. போல்ட்டை முடுக்கியதும் டப்பா அசையாமல் உட்கார்ந்தது. இந்தத் தடவை டப்பாவில் அரிசிதான், நான் அதில் உறுதியாக நின்றுவிட்டேன். இவர் ஏறினார். கல்லி தாண்டி முதல் பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கியதும் "யம்மா" என்று ஒரு சத்தம். அப்படியே விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. கைவண்டியில் படுக்கவைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் பார்த்துவிட்டு, தீபாவளி வரைக்கும் சைக்கிளைத் தொடவே கூடாது என்றார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அன்று ராத்திரியே போனை எடுத்துவிட்டார். "ஃபுல் சஸ்பென்ஷன்தான் நம்ம முதுகுக்குச் சரி. நல்ல கிளாம்ப் ஆன்லைன்ல கெடைக்கும் போலுக்கு" என்றார். ஒருத்தி விடிந்தால் தலைச்சுமையோடு ரயிலேறப் போகிறாளே, அவளுக்கு எது சரி என்ற நினைப்பு அந்த மண்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் வழக்கத்தைவிட முன்னாலேயே கிளம்பிப் போனேன். சொசைட்டி கேட்டில் வெங்கடேஸ்வரன் சார் நடைப்பயிற்சி ஷூவோடு நின்றிருந்தார். கையில் ஒரு தூக்கு. அதிலிருந்து சாம்பார் வாசனை வந்தது.

"வாங்கோ, வாங்கோ. எந்த வண்டின்னு முடிவாச்சா?" என்று கேட்டார். "ஃபுல் சஸ்பென்ஷன்னா ஷாக்ல காத்து எவ்வளவு அடிக்கணும்னு நான் சொல்லித் தரேன்."

"இட்லி தரட்டுமா சார்?"

"இப்பத்தான் வாங்கினேன், உங்க ஆள்கிட்ட." தூக்கைக் காட்டினார். "உங்க மச்சினன்தானே அந்தப் பையன்? ரெண்டு வாரமா அவர்தானே வரார். அதே ஹார்ன். நீங்க எதுக்குத் தனியா இவ்வளவு சிரமப்படறேள்னு எங்காத்துலகூடக் கேட்டா."

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கட்டடத்துப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சளி பிடித்த தொண்டை. கரகர.

டப்பாவை வாச்மேன் நாற்காலியில் வைத்துவிட்டு ஓடினேன். ஹரி நின்றிருந்தான். இவருடைய பெரியப்பா மகன். விக்ரோலியில் லைன் சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவன். அவன் சைக்கிள் ஹேண்டில்பாரில் எங்கள் ஹார்ன். கீறலுக்கு மேல் நான் சுற்றிய கறுப்பு டேப்புகூட அப்படியே இருந்தது.

"இது ஏதுல?"

அவன் முகம் செத்துவிட்டது. "மைனி... அண்ணன்தான் தந்தாவ. ஆஸ்பத்திரியில பாக்கப் போனேம்லா, அன்னைக்கே கழத்தி எடுத்துக்கிடச் சொல்லிட்டாவ. ஒங்ககிட்ட சொல்லியிருப்பாவன்னுல்லா நெனச்சேன்."

ஆஸ்பத்திரியில். அதாவது நான் வெளியே மருந்துக் கடையில் வரிசையில் நின்றபோது. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் நான் தலையில் சுமந்து கொண்டுபோனது, ஏற்கெனவே கைமாறிவிட்ட லைனுக்கு. சாப்பிட்டு முடித்தவர்கள் வாசலில் நின்று கூவியிருக்கிறேன். நான் கிளம்புவதைப் பாயில் படுத்துக்கொண்டு தினமும் பார்த்தவர், போகாதே என்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தேன். இவர் போனில் எவனோ பாறையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தான். போனைப் பிடுங்கி அரிசி மூட்டைமேல் வீசினேன்.

"ஹார்ன ஹரிகிட்ட குடுத்தீங்களா?"

கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் நம்ம பையன். நமக்குன்னா திருப்பித் தர மாட்டானா? நான் எந்திரிக்க வரைக்கும்தான்."

"நான் போறேன்லா தெனமும்! எனக்குத் தெரியாம எதுக்குக் குடுத்தீங்க? தெரிஞ்சும் என்னைய எதுக்கு அனுப்புனீங்க?"

"ரெண்டு நாள்ல நீயே அலுத்துப்போய் விட்ருவன்னு நெனச்சேன். நீ விட மாட்டேங்க." குரலைத் தாழ்த்தினார். "ஏட்டி, பொம்பளை ஹார்ன் அடிச்சுக்கிட்டு லைன்ல போனா நம்ம ஆளுக என்ன பேசுவானுவ? பேச்சிராஜா பொண்டாட்டிய ரோட்டுல விட்டுட்டாம்பானுவ."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தலையில சொமந்து, லக்கேஜ் பெட்டியில கண்டவன்கிட்ட இடிபட்டுப் போனேன், அப்பம் ஒங்க மானம் போகல. அதையே சைக்கிள்ல வச்சு மிதிச்சா போயிருமோ? எந்த வண்டி, எந்த வண்டின்னு இத்தன நாளா பேசுனியளே, வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம்னு ஒங்களுக்கும் அந்த அண்ணனுக்கும் தோணவே இல்லையா?"

"ஒனக்கு ஓட்டத் தெரியாதுல்லா..."

"கேட்டீங்களா?"

கேட்டதே இல்லை. நாங்குநேரிப் பக்கத்தில் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சைக்கிள் கொடுத்தது. இரண்டு வருஷம் அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தேன், பின்னால் ஒருத்தியை வைத்துக்கொண்டு எதிர்காற்றில் மிதித்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு மிதிக்கவில்லை, அவ்வளவுதான். அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று யாரும் பெண் பார்க்க வந்தபோது கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

இரண்டு சைக்கிளையும் பார்த்தேன். அத்தனை நாள் பேச்சில் என் காதிலும் எல்லாம் விழுந்துதான் இருந்தது. ஹார்ட்டெயிலைச் சாய்த்துத் திருப்பி, சுவரில் பெயிண்ட் உரசட்டும் என்று கல்லி வழியே தள்ளிக்கொண்டு போய் ஹமீது அண்ணன் கடை முன்னால் நிறுத்தினேன்.

"முடிவு பண்ணியாச்சா? நான் சொன்ன வண்டிதான்!" அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "சீட்ட இன்னும் கொஞ்சம் தூக்கவா தங்கச்சி? பேச்சிக்கு நெட்டைக் காலு."

"எறக்குங்க அண்ணே."

"எறக்குனா அவனுக்கு முட்டி இடிக்குமே."

"எனக்கு இடிக்காது."

ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கடையில் நின்ற இன்னும் இரண்டு பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். அண்ணன் சீட்டை அடிவரைக்கும் இறக்கி முடுக்கினார். நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினேன். முதல் வட்டம் கோணலாகப் போய் ஒரு பக்கெட் கடையில் இடித்தது. இரண்டாவது வட்டத்தில் கால் ஞாபகப்படுத்திக்கொண்டது.

அடுத்த நாள் விடியும்போது சயான் தாண்டியிருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், நல்ல வண்டி. ஹேண்டில்பார் அகலமாக இருந்ததால் வாளிகள் முழங்காலில் இடிக்கவில்லை. முன் ஸ்பிரிங் அமுங்கி எழுந்ததில் சாம்பார் தளும்பவில்லை. பின்னால் டப்பா ஆடாமல் நின்றது. ஒவ்வொரு கட்டாவும் சீட்டு வழியாக என் இடுப்பில் ஏறி முதுகு வரைக்கும் வந்தது, அதையும் மறைக்கவில்லை. இவர் விழுந்த அந்தக் குழியில் மறுபடியும் தண்ணீர் நின்றது. சுற்றிப் போனேன். போகும்போது அதை மூடியவனுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன், பக்கத்தில் போன பால்காரர் என்னையா என்று திரும்பிப் பார்த்தார்.

சொசைட்டி கேட்டில் நிறுத்தி, டப்பா மூடியைக் கரண்டியால் தட்டினேன். முதலில் வெங்கடேஸ்வரன் சார் வீட்டு அம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். பிறகு இரண்டாவது மாடி. அப்புறம் பாத்திரங்களோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். வெங்கடேஸ்வரன் சார் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஹார்ட்டெயிலா? ஆனா பேச்சிக்கு முதுகு..."

"இது எனக்கு சார்."

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடடா, அதை நான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார். கேட்டிருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் ஒருவர்தான் அதை வாய்விட்டுச் சொன்னார்.

சட்னி ஊற்றிக்கொண்டிருந்தபோது தெரு முனையில் அந்தக் கரகரச் சத்தம் கேட்டது. ஹரி வந்து, கூட்டத்தைப் பார்த்ததும் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஸ்பானர் வச்சிருக்கியால?" என்று கேட்டேன்.

"மைனி, ஹார்ன அண்ணன்லா கேக்கணும். அதுதான நம்மள்ல வழக்கம்."

"குடுத்தது அவரு. லைன்ல வந்து நிக்கது நான். கேக்கதும் நான்தான். சங்கத்துல யாரு என்ன கேட்டாலும் எங்கிட்ட வரச் சொல்லு."

அவன் இறங்கி வண்டியை ஸ்டாண்டு போட்டான். பிறகு சீட்டுப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து நீட்டினான். நானே கழற்றினேன். என் வண்டியில் மாட்டி ஒருமுறை அமுக்கிப் பார்த்தேன். வாச்மேன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஹரிக்கு நாலு இட்லி வைத்துக் கொடுத்தேன். அவன்மேல் எனக்கு என்ன கோபம்? தின்றுவிட்டு அவன் விக்ரோலிப் பக்கம் திரும்பிப் போனான்.

டப்பா காலியாகி வீட்டுக்கு வந்தபோது பத்து மணி. எனக்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது போல, கல்லியில் ஆளாளுக்கு வாசலில் நின்றார்கள். வண்டியைச் சாய்த்துத் திருப்பி உள்ளே கொண்டுபோய் நிறுத்தினேன். இவர் பாயில் இருந்தார். போன் கையில் இல்லை. ஹேண்டில்பாரில் ஹார்னைப் பார்த்தார். ஏதாவது சத்தம் போடுவார், பதிலுக்குக் கொடுக்கலாம் என்று நான் தயாராகத்தான் நின்றேன்.

"பின்னால ஸ்பிரிங் இல்லாத வண்டியாச்சே" என்றார் கடைசியில். "முதுகு வலிக்கலியா?"

அதற்கு நான் தயாராக இல்லை.

"வலிக்கி" என்றேன். "இன்னைக்கு இல்ல. இந்த டப்பாவ மொத நாளு தூக்குனதுல இருந்தே வலிக்கி. கிரைண்டர் கல்லத் தூக்கும்போது வலிக்கி, கொப்பரைய எறக்கும்போது வலிக்கி. நீங்க இப்பம்தான் கேக்கிய."

நாளைக்கு ஊறப்போட வேண்டிய அரிசி குண்டானில் அளந்து கிடந்தது, உளுந்து பக்கத்தில். இரண்டையும் இழுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். தண்ணீர்க் குடத்தையும் எட்டுகிற தூரத்தில் நகர்த்தினேன்.

"குலுங்கக் கூடாது, தூக்கக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. அரிசி களையக் கூடாதுன்னு சொல்லல."

சுவரில் சாய்ந்து, மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கையைக் குண்டானுக்குள் விட்டார். அவர் எழுந்து உட்கார்ந்ததில் பாய் காலியானது. கல்யாணமாகி வந்ததிலிருந்து பகலில் நான் படுத்ததில்லை. அன்றைக்கு முதுகை நீட்டிப் படுத்தேன். அரிசி களைகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தண்ணீரோடு நிறுத்தப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு தண்ணி ஊத்திக் களையுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன்.